கண்டம் செய்வதற்கு முன் ஐந்து கம்பி

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, என் பழைய நண்பருடைய மனைவி போன் செய்தார். நண்பர் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். காலமாகி நாலு வருடம் ஆகிறது.

"அண்ணா, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். பரண் மேல அவரோட பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் இருக்கு. பழைய சாமான்காரர் எடுத்துக்கறேன்னு நிக்கிறார். எடைக்குப் போட்டுடலாமா?"

"அதுல என்னம்மா இருக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏண்ணா உங்களைக் கேக்கறேன்?"

நியாயமான பதில். "சாமான்காரரை அனுப்பிடும்மா, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சுலபம். பார்த்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1984-85ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிமுகப்படுத்தும் ஒரு திட்டம் கொண்டுவந்தன. 'கிளாஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தொடக்கத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகள், பிறகு இன்னும் பல. அதற்குக் கொடுத்தது 'பிபிசி மைக்ரோ' என்ற இங்கிலாந்து இயந்திரம். கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்டது. டைப்ரைட்டர் மாதிரி ஒரே பெட்டி, மேலே விசைகள், திரைக்கு டிவி. நினைவகம் 32 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் கால் வைக்க இடம் போதாது.

நண்பர் பள்ளிக்கு அது வந்தபோது நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்குத் திரைச்சீலை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கோயில் மாதிரி. நண்பருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அந்த இயந்திரங்களைக் கண்டம் செய்து ஏலம் விட்டபோது, பழைய இரும்பு விலைக்கு ஒன்றை அவரே எடுத்து வந்து பரணில் வைத்துவிட்டார். கூடவே ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினோரு பிளாப்பி. அந்தக் காலத்து ஐந்தேகால் அங்குல அட்டைகள்.

இனி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். பெட்டியைப் பார்த்ததுமே, "ஐயா, கரண்ட் குடுத்துடாதீங்க" என்றார். மூடியைத் திறந்து பவர் சப்ளையில் மஞ்சளாகக் கண்ணாடி போல இருந்த இரண்டு கெப்பாசிட்டரைக் காட்டினார். மேலெல்லாம் விரிசல். பல வருடம் கழித்து மின்சாரம் பட்டதும் அவை வெடித்துப் புகை கக்குமாம். பழைய பிபிசி மைக்ரோக்களில் இது ஊரறிந்த வியாதி என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டையும் மாற்றினார். யாராவது இப்படிப் பழைய இயந்திரம் வைத்திருந்தால், ஆசையில் முதலில் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள்.

அவர் கடையில் மூலையில் கிடந்த டயனோரா டிவியை இணைத்தோம். தாழ்ந்த ஸ்வரத்தில் ஒன்று, உயர்ந்த ஸ்வரத்தில் ஒன்று, இரட்டை ஒலி. திரையில் இயந்திரத்தின் பெயரும் 32கே என்ற எழுத்தும் வந்தன. நண்பர் விசையைத் தட்டும்போது நான் பக்கத்தில் நின்று கேட்ட அதே ஒலி. கொஞ்ச நேரம் நானும் மெக்கானிக் தம்பியும் பேசவில்லை.

பதினொன்றில் ஏழு பிளாப்பி படித்தது. நாலில் பூஞ்சை. படித்த ஏழில் ஒன்றில் மாணவர் மதிப்பெண், இரண்டில் விளையாட்டு, மற்ற நாலில் வரிசை வரிசையாக ஊர்ப் பெயர்களும் எண்களும். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்கள். என்ன எண்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

இவற்றை எப்படி வெளியே எடுப்பது? அந்தப் பிளாப்பியை நம் பிசியில் போட்டால் படிக்காது. இரண்டும் வட்டில் எழுதும் முறையே வேறு. திரையைப் பார்த்து கையால் எழுதலாம் என்றார் ஒருவர். முப்பத்தி நாலு வருடம் நகல் எடுத்தவன் நான். நகல் எடுத்தால் பிழை வரும், எண்களில் நிச்சயம் வரும். ஆகவே இயந்திரமே இயந்திரத்துக்குச் சொல்லட்டும் என்று முடிவு செய்தோம். அதற்கு ஒரு கேபிள் வேண்டும். சீரியல் கேபிள்.

இந்த சீரியல் என்ற விஷயம் எனக்குச் சட்டென்று புரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் சின்ன வயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிழைப்புக்காகப் பின்னால் இந்தப் பக்கம் வந்தவன். எங்கள் பள்ளியில் தினமும் 'திக்தே' உண்டு. வாத்தியார் வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். முற்றுப்புள்ளியைக்கூட அவர் வாயால் சொல்வார். அவர் வேகமும் எங்கள் கை வேகமும் ஒன்றாக இருந்தால் சரியாக வரும். கொஞ்சம் பின்தங்கினால் காகிதத்தில் அர்த்தமில்லாத எழுத்துதான் மிஞ்சும், அதற்குப் பிரம்படியும் உண்டு. சீரியல் கேபிளும் அதேதான். ஒரே கம்பியில் ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எழுத்திலும் துளித்துளியாகப் போகும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வேகத்தை அளக்கும் சொல் 'பாட்'. அதுவும் ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர்தான். எமீல் போதோ, 1845ல் பிறந்தவர், விவசாயி மகன், ஆரம்பப் பள்ளிப் படிப்போடு சரி. 1869ல் தந்தி இலாகாவில் சேர்ந்து, ஒரே தந்திக் கம்பியில் பல செய்திகள் அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார். ஒரு இலாகா ஊழியர் பெயர் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்காரர்கள் வாயில் புழங்குகிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

சரி, கேபிளுக்கு வருவோம். பிபிசி மைக்ரோவின் பின்புறம் ஐந்து துளை கொண்ட வட்டமான சாக்கெட் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்த முதல் பிளக் பொருந்தவில்லை. டேப் ரெக்கார்டருக்கு வரும் பிளக் அது, கால்கள் அரை வட்டமாக இருக்கும். நமக்கு வேண்டியது சீட்டுக்கட்டில் அஞ்சாம் நம்பர் சீட்டின் புள்ளிகளைப் போல நாலு மூலை, நடுவில் ஒன்று. அது கிடைக்க மூன்று வாரம்.

அந்தப் பக்கம் பேரனுடைய லேப்டாப். அதில் சீரியல் சாக்கெட்டே கிடையாது. யூஎஸ்பியிலிருந்து ஒன்பது கால் சீரியலுக்கு மாற்றும் ஒரு சிறு கருவி வாங்கினோம். அதில் இரண்டாம் கால் வாங்குவது, மூன்றாம் கால் அனுப்புவது, ஐந்தாம் கால் பூமி.

பேரன் சொன்னான்: "தாத்தா, மூணு கம்பி போதும். அனுப்புறது, வாங்குறது, எர்த்." அப்படியே பற்றவைத்தோம். ஒன்றும் வரவில்லை. அவன் அனுப்பும் காலை அனுப்பும் காலோடு சேர்த்திருந்தான். இரண்டு பக்கமும் அதே பெயர் போட்டிருந்ததால் வந்த குழப்பம்.

இங்கேதான் என் தபால் பிரிவு உதவியது. நம் ஆபீஸில் அவுட்வர்ட் பதிவேட்டில் எண் போட்டு அனுப்பிய கடிதம், அடுத்த ஆபீஸில் இன்வர்ட் பதிவேட்டில்தான் ஏறும். அவர்களுடைய அவுட்வர்டில் ஏறாது. ஆகவே இந்தப் பக்கத்து அனுப்பும் கால், அந்தப் பக்கத்து வாங்கும் காலுக்குப் போக வேண்டும். கம்பியைக் குறுக்கே மாற்றினோம். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

"இன்னும் ரெண்டு கால் சும்மா இருக்கே, அது எதுக்கு தம்பி?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன். நண்பர் டப்பாவோடு வைத்திருந்த கனமான கையேட்டைப் புரட்டினோம். ஒரு கால் 'நான் அனுப்பலாமா' என்று கேட்பது. இன்னொன்று 'அனுப்பு' என்ற பதிலைப் பெறுவது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நம் தபால் புத்தகம்! பியூன் கடிதத்தை எடுத்துப் போவார், எதிர் ஆபீஸ்காரர் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் கடிதத்தைக் கொடுக்க மாட்டார். பிபிசி மைக்ரோவும் அப்படிப்பட்ட கண்டிப்பான பியூன். அந்தப் பக்கம் கையெழுத்து வராமல் ஒரு எழுத்தையும் விடாது. மூன்று கம்பியில் அதற்குக் கையெழுத்துப் போட ஆளே இல்லை.

இந்தப் பக்கம் கேட்கும் கால் அந்தப் பக்கத்து எட்டாம் காலுக்கும், அந்தப் பக்கத்து ஏழாம் கால் இந்தப் பக்கம் பதில் பெறும் காலுக்கும். மொத்தம் ஐந்து கம்பி. ஈயம் வைத்து முடிந்தது. செருகினால், மறுபடி மௌனம். அஞ்சாம் நம்பர் சீட்டை எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரிதானே இருக்கும்? இந்தப் பிளக்கும் தலைகீழாகச் செருகினாலும் பதவிசாக உள்ளே போய்விடும், ஆனால் கம்பிகள் இடம் மாறி நிற்கும். திருப்பிச் செருகினோம்.

வேகத்தை 1200 என்று வைத்தோம். விநாடிக்குச் சுமார் 120 எழுத்து. பிபிசி மைக்ரோவில் பிரிண்டருக்குப் போகும் எழுத்தை சீரியல் பக்கம் திருப்பிவிட ஒரு கட்டளை உண்டு. அது பாவம், ஏதோ பிரிண்டரில் அச்சாகிறது என்று நினைத்துக்கொண்டு பட்டியலைச் சொல்லச் சொல்ல, லேப்டாப் எழுதிக்கொண்டது. சாயங்காலம் ஆறரை மணி. முதல் வரி நண்பர் தட்டிய தலைப்பு: கிணறு கணக்கெடுப்பு, 1988.

அப்போதுதான் விளங்கியது. பதினோரு கிராமத்துக் கிணறுகளைப் பிள்ளைகளைக் கொண்டு அளந்திருக்கிறார். கயிற்றில் கல் கட்டி. சித்திரையில் தண்ணீர் எத்தனை அடியில், ஐப்பசியில் எத்தனை அடியில். அடுத்து அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பல்லில் கறை. கடைசியில் அளந்த மாணவன் அல்லது மாணவியின் பெயர்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கறையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து பல் பழுத்து, முதுகு வளைந்தவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல்தான் வந்தது. அதற்கு இருபத்தைந்து வருடம் முன்பு, கையில் எந்தச் சோதனைக் கருவியும் இல்லாத ஒரு வாத்தியார், கயிறும் கல்லும் பிள்ளைகளின் பல்லும் வைத்து ஒரு கணக்கு எடுத்திருக்கிறார். அந்தக் கிணறுகளில் பல இன்று தூர்ந்துபோய்விட்டன. அவற்றை இனி யாரும் அளக்க முடியாது. அந்தக் கணக்குதான் எடைக்குப் போக இருந்தது.

இனி என் கருத்து.

ஆபீஸில் ஒரு கோப்பு முடிந்தால் அதை என்ன செய்வது என்பதற்கு நமக்கு ஒழுங்கான முறை இருந்தது. ஓராண்டு வைத்துக் கிழிப்பது ஓ.மு., மூன்றாண்டு மூ.மு., பத்தாண்டு ப.மு., என்றைக்கும் வைக்க வேண்டியது நி.மு. இந்த முத்திரை போடும் முன் யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்கிறவன் அல்ல நான். ரெக்கார்டு அறையில் கரையானோடு குடும்பம் நடத்தியவன், கிழிப்பதன் அருமை எனக்குத் தெரியும். நண்பருடைய விளையாட்டு பிளாப்பி இரண்டையும் நானே ஓ.மு. என்று தள்ளிவிடுவேன். ஆனால் பார்த்துவிட்டுத் தள்ள வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்த ஒரு படி விட்டுப்போயிற்று. இயந்திரத்தைக் கண்டம் செய்கிறார்கள். எத்தனை பெட்டி, எத்தனை திரை, வாங்கிய விலை, ஏல விலை எல்லாம் பட்டியலில் இருக்கும். உள்ளே என்ன இருந்தது என்ற பத்தி மட்டும் எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. மேஜையை ஏலம் விடும்போது இழுப்பறையைத் திறந்து பார்க்கிறோம். கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதைகூட இல்லை.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1086ல் எழுதிய டூம்ஸ்டே என்ற நிலக் கணக்குப் புத்தகம் உண்டு, இன்றும் படிக்கலாம். அதன் 900வது ஆண்டுக்காக 1986ல் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு அவரவர் ஊர் விவரங்களைச் சேகரித்து, லேசர் தட்டில் பதித்தார்கள். அதைப் படிக்க இதே பிபிசி குடும்பத்து இயந்திரம்தான். பதினைந்து, பதினாறு வருடத்தில் அந்தத் தட்டைப் படிக்கக்கூடிய இயந்திரம் அபூர்வமாகி, 2002ல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டு மீட்க வேண்டி வந்தது. தோலில் எழுதியது 900 வருடம், தட்டில் எழுதியது பதினாறு வருடம்.

தர்மபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பார்க்கும்போதும் இதே நினைப்பு. ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய வட்டெழுத்து. கல் தானாகப் பேசவில்லை, வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் தொடர்ந்து இருந்ததால் பேசுகிறது. பிளாப்பிக்கும் அப்படி ஒருவர் வேண்டும். கல் ஆயிரம் வருடம் காத்திருக்கும், பிளாப்பி காத்திருக்காது.

பேரன் சொல்கிறான், "இப்ப எல்லாம் கிளவுட்ல இருக்கு தாத்தா, எதுவும் தொலையாது." நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: முப்பத்தைந்து வருடம் கழித்து பாஸ்வேர்டு தெரிந்தவர் காலமான பிறகு, அவர் மனைவி யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்? எங்களால் இதை எடுக்க முடிந்ததற்கு முக்கியக் காரணம், அந்தக் கம்பெனி எந்தக் காலில் என்ன வருகிறது என்று கையேட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு அச்சடித்துக் கொடுத்திருந்ததுதான். அதைப் பார்த்து தர்மபுரியில் ஒரு ரேடியோ மெக்கானிக் ஐந்து கம்பியைப் பற்றவைக்க முடிந்தது. இன்று வாங்கும் போனோடு வரும் துண்டுக் காகிதத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா, பாருங்கள். எளிதாகப் படிக்கக்கூடிய ஒரு வடிவத்தில், முடிந்தால் காகிதத்தில், ஒரு நகல் இல்லாத எதையும் நான் பத்திரமாக இருப்பதாகக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே பள்ளிகளில், அலுவலகங்களில் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: கண்டம் செய்யும் பட்டியலில் ஒரு பத்தி சேருங்கள். "உள்ளே இருந்தது பார்க்கப்பட்டது, வேண்டியது நகல் எடுக்கப்பட்டது" என்று ஒருவர் கையெழுத்துப் போடட்டும். என் வயதுக்காரர்களுக்கு: வீட்டில் பழைய பிளாப்பி, கேசட், சிடி இருந்தால் இந்த வருடமே யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். கூடவே இருக்கும் கையேட்டையும் வயரையும் தனியாகப் பிரித்து எறிந்துவிடாதீர்கள். கெப்பாசிட்டரை மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகளும் நம்மோடு சேர்ந்து வயதாகிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியலை அச்செடுத்து நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"இதுல அவர் பேர் இருக்காண்ணா?"

தேடிப் பார்த்தேன். அளந்த பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கிறது, அவர் பெயர் எங்கும் இல்லை. சொன்னேன்.

"அவர் அப்படித்தான்" என்றார்.

ஒரு பிரதி அவருக்கு, ஒரு பிரதி பள்ளிக்கு. மூன்றாவதை நூல் கோத்துக் கோப்பாக்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அட்டையில் நண்பர் பெயரை எழுதி, மேல் மூலையில் சிவப்பு மையில் நி.மு. என்று போட்டேன். ஓய்வு பெற்ற கிளார்க்குக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று எனக்குத் தெரியும்.